குழந்தையின் சுபாவத்துக்கு ஏற்ற கலைவளப் பள்ளி: மேடையா, பட்டறையா?

கலைக்கு இடம் தரும் தனியார் பள்ளியைத் தேடிப் போகிற பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் உள்ளே நுழைகிறார்கள்: "உங்க ஸ்கூல்ல என்னென்ன ஆர்ட்ஸ் இருக்கு?" பள்ளியும் சளைக்காமல் அடுக்கும். ஓவியம், களிமண், கீபோர்டு, வயலின், நடனம், நாடகம், போட்டோகிராபி. எந்தப் பட்டியல் நீளமோ அந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவாகிவிடும்.

அந்தக் கேள்வியால் உருப்படியாக எதுவும் தெரியவராது. பதினைந்து கலைகளை ஒவ்வொன்றாக அரை அரை மணி தொட்டுக் காட்டிவிட்டு நகர்கிற பள்ளியும் பட்டியல் வைத்திருக்கும். மூன்றே கலைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதில் ஊற விடுகிற பள்ளியின் பட்டியல் பரிதாபமாக இருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு: அங்கே கலை அன்றாடம் எப்படி நடக்கிறது, அந்த நடைமுறை உங்கள் பிள்ளையின் சுபாவத்துக்கு ஒத்துவருமா.

நெருங்கிப் பார்த்தால் இந்தப் பள்ளிகளில் இரண்டு சாய்வுகள் தெரியும். சில பள்ளிகள் மேடையைப் பார்த்து ஓடுபவை. ஆண்டு விழா, கச்சேரி, கண்காட்சி, போட்டி என்று வருடத்தின் உழைப்பு முழுக்க ஒரு சில மாலைகளுக்காகச் சேரும். வேறு சில பள்ளிகள் பட்டறை மாதிரி. பாதி முடிந்த வேலைகள் அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும், யாருக்கும் காட்ட அவசரம் இருக்காது. இரண்டிலும் நல்ல கலைக்கல்வி கிடைக்கலாம். ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டும் சமமாக ஒத்துவருவது அபூர்வம். ஓவியம் என்றால் உயிரை விடும் கூச்ச சுபாவப் பிள்ளையை மேடைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, "கலை பிடிக்கும்னுதானே சேர்த்தோம், இப்ப ஏன் அழுறான்?" என்று குழம்பும் வீடுகள் உண்டு.

கலைவளம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

அரசு நடத்தாமல், ஒரு அறக்கட்டளையோ நிர்வாகக் குழுவோ நடத்தி, பெரும்பாலும் கட்டண வருமானத்தில் ஓடும் பள்ளியைத்தான் இங்கே தனியார் பள்ளி என்கிறோம். டைம்டேபிளை வளைக்க இவற்றுக்குச் சுதந்திரம் அதிகம். கலைக்கு மூன்று மடங்கு நேரம் ஒதுக்க முடிவதும் அதனால்தான். அடுத்த வருடமே அதைச் சத்தமில்லாமல் வெட்ட முடிவதும் அதே சுதந்திரத்தால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கலை பள்ளிக்குள் மூன்று விதமாக வரும். முதலாவது, தனிப் பீரியட். வாரம் ஒன்றோ இரண்டோ இருக்கும், மற்றப் பாடங்களோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவது, பாடத்தோடு கலந்த கலை. மூன்றாவது, பயிற்சிக்கூடம்: தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்து, ஒரே கலையில் தினமும் பல மணி நேரம் பழக்குவது. தன்னைக் 'கலைவளப் பள்ளி' என்று சொல்லிக்கொள்கிற பள்ளி பொதுவாக முதல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

இரண்டாவது வகையில்தான் போலி அதிகம். நீர்ச் சுழற்சியை வரைந்து வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டு, அறிவியலையும் ஓவியத்தையும் இணைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளை ஓவியத்தில் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. மேகத்தை ஏற்கெனவே வரைந்த மாதிரியே வரைந்து நீல கிரேயானைத் தீர்த்தது, அவ்வளவுதான். உண்மையான கலப்பு எப்படி இருக்கும் என்றால்: பின்னம் நடத்தும் டீச்சர் நான்கு தட்டு கொண்ட ஒரு தாளக் கட்டத்தைக் கொடுத்து, அரை நோட்டையும் (இரண்டு தட்டு நீளும் ஸ்வரம்) கால் நோட்டையும் (ஒரு தட்டு) வைத்து நிரப்பச் சொல்கிறார். ஒரு பிள்ளை 1/2, 1/4, 1/4 என்று எழுதிக் கைதட்டுகிறது. சரியாக முடிகிறது. இன்னொரு பிள்ளை 1/2, 1/2, 1/4 என்று எழுதிவிட்டுத் தட்டும்போது ஒரு தட்டு மிஞ்சி, அடுத்தவரின் தாளத்தில் போய் இடிக்கிறது. தப்பை டீச்சர் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடுகிறது. இங்கே கணக்கும் நகர்ந்தது, தாளமும் நகர்ந்தது. 'இந்த வகுப்பில் கலையில் என்ன புதிதாகக் கற்றார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அது வண்ணம் அடித்த பாடம்.

இன்னொரு ஆசையையும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். கலை கற்றால் கணக்கில் மார்க் ஏறும் என்று சில பள்ளிகள் விற்பனை செய்கின்றன. எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் ஒரு பெரிய அலசலை வெளியிட்டார்கள். கலையால் பொதுவாகப் படிப்பு மார்க் உயர்கிறது என்பதற்கு அவர்களுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஓரளவு வலுவாகத் தெரிந்த தொடர்புகளில் ஒன்று, வகுப்பறை நாடகத்துக்கும் மொழித்திறனுக்கும் இடையிலானது. கலைக்காகவே கலையைத் தேடுங்கள். மார்க்குக்காக என்றால் டியூஷன் மலிவு.

பெயர் பெற்ற முறைகள்

விளம்பரத்தில் அடிக்கடி வரும் மூன்று பெயர்களைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

வால்டார்ஃப் முறை 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் என்ற தத்துவவாதி வழிகாட்டித் தொடங்கிய பள்ளியில் பிறந்தது. காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே பாடம், அதுவும் மூன்று நான்கு வாரம் தொடர்ந்து நடக்கும். ஈரத் தாளில் நீர்வண்ணம், பின்னல், பாட்டு, அசைவு எல்லாம் அன்றாடப் படிப்போடு கலந்திருக்கும். முறையான எழுத்து வாசிப்பு ஏழு வயதை ஒட்டித்தான் தொடங்கும். ஒரே வகுப்பாசிரியர் பல வருடங்கள், மரபுப்படி எட்டு வருடம் வரை, கூடவே வருவார். பழகியது திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதி அடையும் பிள்ளைக்கு இது அமுதம். நாலு வயதிலேயே தானாக வாசிக்கத் தொடங்கிய துறுதுறுப்பான பிள்ளைக்கு முதல் இரண்டு வருடம் நெளிய வைக்கும். அந்த ஒரு ஆசிரியரோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த நெருடல் நெடுங்காலம் நீடிக்கும். ஆகவே வால்டார்ஃப் பள்ளியில் முதலில் சந்திக்க வேண்டியவர் பிரின்சிபல் அல்ல, வகுப்பாசிரியர்.

மாண்டிசோரி முறை 1907-இல் ரோம் நகரில் தொடங்கியது. இதைக் கலைப் பள்ளி என்று சொல்ல முடியாது. கலைப்பொருள்கள் மற்றப் பொருள்களைப் போல அலமாரியில் இருக்கும், பிள்ளை தானாக எடுத்து, தனியாக வேலை செய்து, திருப்பி வைக்கும். இடையூறு இல்லாத மூன்று மணி நேர வேலை நேரம் இதன் பெரிய பலம். தனியே மூழ்குகிற பிள்ளைக்கு நல்ல இடம். பாவனை விளையாட்டிலும் கூட்டத்திலும்தான் உயிர் வரும் பிள்ளைக்குச் சற்று வறட்சியாக இருக்கலாம். இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம் என்பதால், ஆசிரியர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள் என்று தவறாமல் கேளுங்கள்.

ரெஜியோ எமிலியா என்பது வட இத்தாலியில் ஒரு நகரம். லோரிஸ் மலகுஸ்ஸி என்ற கல்வியாளர் உருவாக்கிய வழியில் அங்கே 1963-இல் முதல் நகராட்சி மழலையர் பள்ளி திறந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கலைப் பட்டறை, அதற்கென்று கலை தெரிந்த ஒருவர், பிள்ளைகளின் கேள்வியிலிருந்து வளரும் நீண்ட வேலைகள் என்று நடக்கும். ஆறு வயது வரைக்குமான முறை இது. பெரிய வகுப்புகளுக்கும் 'ரெஜியோ' என்று போட்டிருந்தால், அதன் சாயலில் அந்தப் பள்ளி தானாகச் செய்துகொண்டது என்று பொருள். நன்றாகவும் இருக்கலாம், வெறும் மரக்கூடையும் இலைச்சருகும் வைத்த அலங்காரமாகவும் இருக்கலாம்.

பிள்ளையைப் படிப்பது: இரண்டு வாரம், ஒரு நோட்டு

1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். சுபாவத்தை ஒன்பது குணங்களாகப் பிரித்தார்கள். சுமார் 40 சதவீதம் பிள்ளைகள் எளிதில் பழகுபவர்கள், 15 சதவீதம் தயங்கித் தயங்கிப் பழகுபவர்கள், 10 சதவீதம் சமாளிக்கக் கடினமானவர்கள், மீதிப் பேர் கலவை. வகைப்பாட்டை விட, அவர்கள் அழுத்திச் சொன்ன ஒரு சொல்தான் நமக்கு வேண்டியது: பொருத்தம். எந்தச் சுபாவமும் தன்னளவில் குறை ஆகாது. சூழல் கேட்பதும் பிள்ளையின் இயல்பும் முட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒன்பதும் தேவைப்படாது. கீழே உள்ளவற்றை இரண்டு வாரம் கவனித்து எழுதினால் போதும். பசி, தூக்கம், காய்ச்சல் நேரத்தில் பார்த்ததைச் சேர்க்க வேண்டாம். ஒரே விஷயத்தை மூன்று தடவையாவது பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் நகருங்கள். உடனே கிறுக்கத் தொடங்குகிறதா, "என்ன வரையட்டும்?" என்று கேட்கிறதா, யாராவது வரைவதைப் பார்த்த பிறகு தொடங்குகிறதா? இரண்டாவது வகைப் பிள்ளைக்குத் தொடக்கப் புள்ளி வேண்டும். 'உன் இஷ்டம்' என்று விட்டுவிடும் பட்டறையில் அது திக்குத் தெரியாமல் நிற்கும்.

ஏதாவது ஒன்றில் மூழ்கி இருக்கும்போது கூப்பிடுங்கள். சுலபமாக எழுந்து வருகிறதா, "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுகிறதா, நிறுத்தியதற்கே அழுது தீர்க்கிறதா? கடைசி வகைக்கு 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும் நாள் ஒரு தொடர் தண்டனை.

பசை, களிமண், ஈரவண்ணம் கையில் பட்டால் என்ன செய்கிறது? பலூன் வெடித்தால், டிரம் அடித்தால் எத்தனை நேரம் கலங்கி இருக்கிறது? வீட்டுக்கு வந்தவர் "ஒரு பாட்டுப் பாடு" என்றால் முன்னே வருகிறதா, உங்கள் முதுகுக்குப் பின்னால் போகிறதா, அவர் போன பிறகு அறைக்குள் தனியாகப் பாடுகிறதா? இந்தக் கடைசி விஷயத்தை விசேஷமாகக் குறித்து வையுங்கள். பாடப் பிடிக்கும், பார்க்கப்படப் பிடிக்காது என்று அதற்கு அர்த்தம்.

தப்பு வந்தால்? சிலது சிரித்துவிட்டு அந்தக் கோட்டையே வாலாக மாற்றிவிடும். சிலது தாள் கிழியும் வரை அழிக்கும்.

திறமையை இந்த நோட்டில் எழுத வேண்டாம். "நல்லா வரைவான்" என்பது சுபாவம் இல்லை. நன்றாக வரைகிற பிள்ளைகள் மேலே சொன்ன எல்லா வகையிலும் உண்டு.

சுபாவத்தையும் பள்ளியையும் அருகருகே வைத்துப் பார்த்தால்

மேடை ஏறினால் முகம் மலரும் பிள்ளைக்கு மேடைப் பள்ளி சரி என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முக்கிய வேடங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன? வருடா வருடம் அதே நாலு பேர் முன்வரிசையிலும் மற்றவர்கள் மரமும் மேகமுமாகப் பின்வரிசையிலும் நிற்கும் பள்ளிகள் நிறைய. ஒத்திகை நேரம் முழுக்க அசையாமல் மரமாக நின்றது நாடகப் பயிற்சி ஆகாது, நிற்கும் பயிற்சிதான்.

கூச்சப் பிள்ளைக்கு நாடகமே வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். பார்வையாளர் இல்லாத வகுப்பறை நாடகம் என்று ஒன்று உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் நடிப்பார்கள், யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். வகுப்பு முழுக்க ஒரு கப்பலின் மாலுமிகள், டீச்சரும் ஒரு மாலுமி. இந்த வகையில் கூச்சப் பிள்ளைகள் தாராளமாகப் பேசுவார்கள். பொம்மலாட்டமும் அப்படித்தான், பேசுவது பொம்மைதானே. வெளிச்சம், ஒலி, அரங்கப் பொருள்கள் போன்ற திரைக்குப் பின்னான வேலைகளுக்கு அந்தப் பள்ளியில் மேடைக்குச் சமமான மரியாதை உண்டா என்று பாருங்கள். நிகழ்ச்சி முடிவில் விளக்குப் போட்ட பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்துக் கைதட்டல் வாங்கித் தருகிற பள்ளி என்றால் நம்பலாம்.

தாள் கிழியும் வரை அழிக்கிற பிள்ளைதான் எனக்குப் பெரிய கவலை. போட்டியும் சான்றிதழும் நிறைந்த பள்ளி அதை முதலில் ஜொலிக்க வைக்கும், பிறகு உறைய வைக்கும். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த சோதனை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மார்க்கர் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு விருப்பம்போல் விளையாடும் நேரத்தில், பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மட்டும் முன்னைவிடக் குறைவாக வரைந்தார்கள். பரிசு கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசுக்காகவே வரைவது என்ற நடைமுறைதான் தானாக வந்த ஆசையைத் தின்கிறது. இத்தகைய பிள்ளைக்கு, தப்பும் திருத்தமும் அப்படியே தங்கும் ஸ்கெட்ச்புக்கைப் போற்றுகிற பள்ளி வேண்டும்.

உடம்பு ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்கு நடனம், தாள வாத்தியம், நின்றுகொண்டே வரையும் பெரிய தாள், களிமண் ஆகியவை ஏற்றவை. நடன அறைக்குப் போனால் தரையைக் குதிகாலால் தட்டிப் பாருங்கள். சிமென்ட் மேல் நேரடியாக டைல்ஸ் போட்ட தரையில் தினமும் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் கேள்வி கேட்கும். அடியில் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் மரத்தரைதான் வேண்டும்.

சத்தத்துக்குக் கலங்கும் பிள்ளை என்றால் இசை அறை எங்கே இருக்கிறது என்பது பாடத்திட்டத்தை விட முக்கியம். தடுப்புச் சுவர் கூரையைத் தொடாத அறைகளில், பக்கத்து அறை டிரம் கணக்கு வகுப்புக்குள்ளேயே வந்து உட்காரும்.

புதுசு புதுசாகக் கேட்டு, பழையதில் சீக்கிரம் சலிக்கும் பிள்ளைக்குச் சுழற்சி முறை பிடிக்கும்: எட்டு வாரம் அச்சு ஓவியம், எட்டு வாரம் நாடகம் என்று. முதல் வருடமே வயலின் கட்டாயம் என்ற பள்ளி அதற்குச் சோதனை. முதல் சில மாதங்கள் வயலினில் கீச்சொலிதான் வரும், அதைத் தாங்கும் விடாப்பிடி தேவை.

போய்ப் பார்ப்பது

பள்ளியே அழைக்கும் திறந்த நாளில் போனால் பள்ளி காட்ட நினைப்பதைத்தான் பார்ப்பீர்கள். சாதாரண வேலைநாளில், முன்கூட்டியே கேட்டு, இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு கலை வகுப்பைத் தொடக்கம் முதல் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பத்து நிமிடம் எட்டிப் பார்க்கத்தான் அனுமதி என்றால் அதுவே ஒரு தகவல்.

முதலில் வராந்தாச் சுவர். 28 பிள்ளைகள் வகுப்பில் 28 வண்ணத்துப்பூச்சிகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே இறக்கை, கண்ணுக்குப் பொத்தான் ஒட்டிய இடம்கூட ஒன்றே என்றால், கத்தரித்துக் கொடுத்தது டீச்சர், ஒட்டியது பிள்ளை. சில இறக்கைகள் கோணலாக, ஒன்று புழுவாகவே நின்றுபோயிருக்கிற சுவரில்தான் பிள்ளைகள் வேலை செய்திருக்கிறார்கள். சுவரில் உள்ள படங்களுக்குக் கீழே தேதி இருந்தால் படியுங்கள். போன வருடத் தேதி என்றால், அது அலங்காரமாகிவிட்டது.

அடுத்து, குழாயடி. கலை அறைக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? இது சில்லறை விஷயம் இல்லை. 40 நிமிடப் பீரியடில் களிமண் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை, துணி, மண் எடுத்து உட்கார 10 நிமிடம். துடைத்து, கை கழுவி, எடுத்துவைக்க 10 நிமிடம். மிஞ்சுவது 20. தொட்டி வராந்தாக் கோடியில் இருந்தால் அதிலும் 5 போகும். களிமண்ணுக்குத் தொடர்ச்சியாக 80 நிமிடம் ஒதுக்காத பள்ளியில் களிமண் பெரும்பாலும் பட்டியலில்தான் இருக்கும்.

சூளை இருக்கிறது என்றால், கடைசியாக எப்போது மூட்டினார்கள் என்று கேளுங்கள். செய்த பொருள் மெதுவாக ஒரு வாரமாவது காய வேண்டும், பிறகு முதல் சூட்டில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஈரம் உள்ளே தங்கியிருந்தால் 100 டிகிரியை ஒட்டி அது ஆவியாகி, பொருளை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் உடைக்கும். இதைத் தெரிந்து செய்கிற டீச்சர் "மூணு வாரம் ஆகும்" என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லியிருப்பார். "இந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்குக் குடுத்துடுவோம்" என்பவர் சுடுவதில்லை.

இசை அறையில் வாத்தியங்களின் அளவைப் பாருங்கள். வயலின் 1/16 முதல் முழு அளவு வரை பல அளவுகளில் வரும். ஆறு ஏழு வயதுக்குப் பொதுவாக 1/4, ஒன்பது பத்து வயதுக்கு 1/2 அல்லது 3/4, கை நீளத்தைப் பொறுத்து. முழு அளவு வயலின்கள் மட்டும் வரிசையாகத் தொங்கினால் சிறு பிள்ளைகள் அங்கே வாசிப்பதில்லை, அல்லது தோள் வலிக்க வாசிக்கிறார்கள். ஒரு வாத்தியத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள்? நாலு பேருக்கு ஒரு கீபோர்டு என்றால் 40 நிமிடத்தில் உங்கள் பிள்ளையின் விரல் பட்ட நேரம் 10 நிமிடத்துக்கும் குறைவு.

வகுப்பு நடக்கும்போது படத்தைப் பார்க்காமல் டீச்சரின் வாயைக் கவனியுங்கள். "சூப்பர், அழகா இருக்கு" என்று எல்லாருக்கும் ஒரே பாராட்டு தருபவர் எதையும் பார்க்கவில்லை. "இந்தப் பக்கம் கோடு மெலிசா இருக்கு, அந்தப் பக்கம் அழுத்தமா இருக்கு, ஏன் அப்படிப் போட்ட?" என்று கேட்பவர் பார்க்கிறார். பிள்ளையின் பேப்பரில் டீச்சரே பென்சிலை வைத்துத் திருத்தினால், அதிலும் அழிக்கிற சுபாவமுள்ள பிள்ளையின் பேப்பரில் திருத்தினால், எழுந்து வந்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

டைம்டேபிளின் நகல் கேளுங்கள். 40 நிமிடப் பீரியட் வாரத்துக்கு 35 என்றால் மொத்தம் 1400 நிமிடம். அதில் கலைக்கு இரண்டு பீரியட் என்றால் 80 நிமிடம், 6 சதவீதம்கூட இல்லை. ஆறு பீரியட் என்றால் 240 நிமிடம், 17 சதவீதம். முதலாவதைக் கலைவளம் என்று சொல்வது தாராள மனசு. பிறகு அந்த நிமிடங்களை எத்தனை கலைகள் பங்கிடுகின்றன என்று வகுத்துப் பாருங்கள். தேர்வு மாதத்தில் கலைப் பீரியடுகள் என்ன ஆகின்றன என்பதையும் கேளுங்கள், ஆனால் பிரின்சிபலிடம் கேட்க வேண்டாம். வராந்தாவில் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

கலை ஆசிரியர்களில் எத்தனை பேர் முழுநேரம், எத்தனை பேர் வாரம் ஒருநாள் வந்து போகிறவர்கள், இப்போது இருப்பவர் எத்தனை வருடமாக இருக்கிறார்? கட்டண வருமானம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுபவர்கள் வந்துபோகிறவர்கள்தான். பழகத் தயங்கும் பிள்ளைக்கு வருடா வருடம் டீச்சர் மாறுவது ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. வாத்திய வாடகை, உடை, தரத் தேர்வுக் கட்டணம், கூடுதல் வகுப்பு என்று கட்டணத்துக்கு வெளியே வருபவற்றை எழுத்தில் வாங்குங்கள். பள்ளிக்குக் கல்வித்துறை அங்கீகாரம் இருக்கிறதா, நடுவில் வேறு பள்ளிக்கு மாறினால் சான்றிதழ் செல்லுமா என்பதும் இதோடு முடிய வேண்டிய வேலை.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. முதல் வகுப்பில் சேர்க்கும்போதே எட்டாம், ஒன்பதாம் வகுப்பு டைம்டேபிளையும் கேளுங்கள். கீழ் வகுப்புகளில் தாராளமாக இருக்கும் கலை மேலே போகப் போகக் கரையும். ஐபி (International Baccalaureate) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் நடுநிலைத் திட்டத்தை எடுத்தால், எட்டுப் பாடக் குழுக்களில் கலையும் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் வருடம் குறைந்தது 50 மணி நேரம் என்பது விதி. ஆனால் அதன் கடைசி இரண்டு வருடங்களில் ஆறு குழுக்களோடு நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. கழற்றப்படுவதில் கலையும் இருக்கலாம்.

ஒரு நாள் வெள்ளோட்டம், பிறகு முதல் எட்டு வாரம்

பல பள்ளிகள் பிள்ளையை ஒருநாள் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதிக்கும். வீடு திரும்பியதும் "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும், பெரும்பாலும் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதிலாகவும் இருக்கும். "யார் பக்கத்துல உட்கார்ந்த? எதைத் தொட்டுப் பார்த்த? எதை முடிக்காம வச்சுட்டு வந்த?" என்று கேளுங்கள். முடிக்காமல் வைத்ததைப் பற்றி மறுநாளும் பேசினால் நல்ல அறிகுறி. தயங்கிப் பழகும் பிள்ளை முதல் நாள் வாயே திறக்காது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், ஒரு வார இடைவெளியில் இன்னொரு நாள் கேட்டு வாங்குங்கள்.

சேர்ந்த பிறகு முதல் ஆறு முதல் எட்டு வாரம் களைப்பும் அழுகையும் இயல்பு. களைப்புக்கும் பொருந்தாமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அதே நோட்டை மறுபடி எடுங்கள். களைப்பு எல்லா நாளும் வரும், வாரக் கடைசியில் கூடும். பொருந்தாமைக்குக் கிழமை உண்டு. வயிற்றுவலி செவ்வாயும் வியாழனும் மட்டும் வந்தால் டைம்டேபிளை எடுத்து அந்த இரண்டு நாளுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுப் பாட்டு ஒத்திகை என்று வைத்துக்கொள்வோம். பள்ளியை மாற்றும் பேச்சை எடுக்காமல், முதலில் அந்த ஒத்திகை நடத்துபவரைப் பாருங்கள். "இந்தத் தடவை மட்டும் பாட்டுக்குப் பதிலா, பக்கம் திருப்புற வேலையோ மைக் வேலையோ குடுக்க முடியுமா டீச்சர்?" என்று கேளுங்கள். சம்மதித்தால் மூன்று வாரம் கழித்து நோட்டில் அந்த இரண்டு கிழமைகளையும் திரும்பப் பாருங்கள். மறுத்தால், ஏன் என்று அவர் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடக் கட்டணம் கட்டும் முன் அதை ஒருமுறை படிக்க வேண்டியிருக்கும்.